குப்பை பிரிக்கும் கைக்கே பரிசு: உங்கள் ஒழுங்கையில் மீள்சுழற்சித் திட்டம் தொடங்குவது எப்படி?

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் மீள்சுழற்சித் திட்டத்தின் முதல் மாதக் கணக்கு முடித்து, விற்ற காசைப் பிரித்தபோது, முடக்கு வீட்டு மாமிக்கு வந்தது முப்பது ரூபாய்கூட இல்லை. கடித உறையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திறந்து பார்த்தார். மூடித் திரும்ப என் கையிலேயே வைத்துவிட்டார். “பிள்ளை, இதுக்கோ நான் ஒரு மாதமாக் கிணத்தடியில குந்தியிருந்து போத்தல் கழுவினனான்? நீ சும்மா கேட்டிருந்தாலே தந்திருப்பனே.”

எனக்கு முகம் சுருங்கிப் போனது. ஆனால் ஊக்குவிப்பைப் பற்றி நான் கற்றதில் பாதி அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது. சும்மா கேட்டால் தருகிறவரிடம் விலை பேசினால், அவர் விலையைத்தான் பார்ப்பார். போதாது என்று பட்டால் விட்டுவிடுவார். இஸ்ரேலின் ஹைஃபா நகரில், குழந்தைப் பராமரிப்பு நிலையங்களிலிருந்து பிள்ளையைப் பிந்தி வந்து கூட்டிப்போகும் பெற்றோருக்குத் தண்டப்பணம் போட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது. தண்டம் வந்தபிறகு பிந்தி வருகிறவர்கள் கூடினார்கள். அதுதான் காசு கட்டுகிறோமே என்ற நினைப்பு. தண்டத்தை நிறுத்திய பிறகும் அவர்கள் பழையபடி நேரத்துக்கு வரவில்லை. காசை ஒருமுறை நடுவில் வைத்துவிட்டால் எடுப்பது கடினம். ஆகவே வைப்பதற்கு முன்னரே யோசிக்க வேண்டும்.

சனசமூக நிலையத்திலோ மாதர் சங்கத்திலோ இருந்துகொண்டு இருபது, முப்பது வீடுகளைச் சேர்த்து இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு தராசு, கொஞ்சம் உரப்பைகள், ஒரு கொப்பி, சலிக்காத இரண்டு மூன்று பேர். இவ்வளவு இருந்தால் தொடங்கலாம்.

முதலில், யார் கழுவுகிறார்கள் என்று பாருங்கள்

கூட்டத்துக்கு வந்து கையைத் தூக்கி “செய்வம்” என்று சொல்பவர் பெரும்பாலும் வீட்டுத் தலைவர். ஆனால் யோகட் கோப்பையைக் கழுவிக் கவிழ்ப்பதும், கடதாசி நனையாமல் எடுத்து வைப்பதும் அம்மா, அம்மம்மா, சில வீடுகளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. பரிசு யார் கைக்குப் போகிறது என்பதில்தான் இந்தத் திட்டத்தின் உயிர் இருக்கிறது. மின்சாரக் கட்டணத்தில் கழிவு, வரியில் சலுகை என்று பெரிய ஊர்களில் செய்வதெல்லாம் கட்டணம் கட்டுகிறவருக்குப் போய்ச் சேரும். குசினியில் நிற்பவருக்கு அதன் வாசனையும் வராது.

எனவே கூட்டம் வைப்பதற்கு முன் ஒரு மாலை நேரத்தில் வீடு வீடாகப் போங்கள். தேத்தண்ணி குடிக்கச் சொல்வார்கள், குடியுங்கள். குசினிக் குப்பை எங்கே போகிறது, பொலித்தீன் எங்கே போகிறது, யார் கொண்டுபோய்ப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். எங்கள் ஒழுங்கையில் பத்துக்கு ஏழு வீட்டில் வந்த பதில், “பின்வளவில போட்டுக் கொளுத்துறது.” பிளாஸ்டிக்கையும் குப்பையையும் வெளியில் எரிப்பது இலங்கையில் 2017 முதல் சட்டப்படி தடை. அதைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். புகை யார் வீட்டுக்குள் போகிறது என்று கேட்டாலே போதும். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை, கிணறுதான் எல்லாம். சுண்ணக்கல்லுக்கு மேல் எதை ஊற்றினாலும், எதைப் புதைத்தாலும் அது கீழே இறங்கிக் கிணற்றுக்குத்தான் வரும் என்பது நம் சனத்துக்கு விளக்கத் தேவையில்லாத விடயம்.

வியாபாரியிடம் போய்வந்த பிறகே பட்டியல் போடுங்கள்

நான் செய்த பெரிய பிழை இதுதான். எல்லாவற்றையும் சேர்க்கச் சொல்லிவிட்டுப் பிறகுதான் விற்கப் போனேன். மாமி பால்மாப் பக்கற்றுகளைக்கூட வெட்டி, கழுவி, உடுப்புக் கொடியில் கிளிப் போட்டுக் காயவிட்டிருந்தார். வெயிலில் அவை வெள்ளித் தாள்போல மின்னிக்கொண்டு ஆடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. பழைய சாமான் எடுப்பவர் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அந்தப் பக்கற்று, பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய பல அடுக்குத் தாள். பிரித்தெடுப்பது கடினம் என்பதால் வாங்குவார் இல்லை. பிஸ்கட் உறையும் அப்படித்தான்.

குறைந்தது இரண்டு வியாபாரிகளிடம் போய் இவற்றைக் கேளுங்கள். எதை எடுப்பீர்கள்? மூடியோடா, மூடி கழற்றியா? லேபிள் உரிக்க வேண்டுமா? எத்தனை கிலோ சேர்ந்தால் வீதிக்கு வந்து எடுப்பீர்கள்? விலை மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் அதைவிட இந்தக் கேள்விகள் முக்கியம். பொதுவாகக் காட்போட், கொப்பி, பத்திரிகை, தண்ணீர்ப் போத்தல், ஷாம்பூ போத்தல் போன்ற தடித்த பிளாஸ்டிக், இரும்பு, அலுமினியம் போகும். கண்ணாடிப் போத்தல் முழுதாக இருந்தால் போகும், உடைந்தால் சிரமம்.

பிறகு வீட்டாருக்கு மூன்றே மூன்று பிரிவு கொடுங்கள். நம் நாட்டில் உக்குவதற்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்கு மண்ணிறம் என்று நிறக்குறியீடு இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு அது பொருந்தும். ஒரு குசினி மூலையில் ஐந்து வாளி வைக்க யாருக்கு இடம் இருக்கிறது? ஓர் உரப்பையில் கடதாசி, இன்னொன்றில் கழுவிய பிளாஸ்டிக்கும் தகரமும், ஒரு வாளியில் உக்குவது. கண்ணாடியைச் சுவரோரம் நிறுத்தி வைக்கட்டும். நம் நாட்டு வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியதுதான். அந்த வாளி வாழையடிக்கோ தென்னையடிக்கோ போய்விட்டால் மற்ற இரண்டு சாக்கும் நாறாது, பிரிக்கிற வேலையும் அருவருப்பாக இருக்காது. இதற்குப் பரிசே தேவையில்லை. வளவு இல்லாத வீடுகளை மட்டும் வளவு உள்ள பக்கத்து வீட்டோடு பேசி இணைத்து விடுங்கள்.

சபையிடமும் குப்பை எடுக்கும் தொழிலாளர்களிடமும் பேசுங்கள்

குப்பை அகற்றுவது உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்திலும் அது இருக்கிறது. எனவே சபைக்குக் கடிதம் ஒன்று கொடுங்கள், விதானையாருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சொல்லிவையுங்கள். குப்பை ஏற்றும் உழவு இயந்திரம் எந்த நாள் வரும் என்பதை எழுத்தில் வாங்க முடிந்தால் நல்லது.

அதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உழவு இயந்திரப் பெட்டியில் நின்று கையுறைகூட இல்லாமல் குப்பை கிளறும் தொழிலாளர்கள், அதிலிருந்து போத்தலையும் தகரத்தையும் எடுத்து விற்று நாலு காசு பார்ப்பது வழக்கம். நீங்கள் நல்லதையெல்லாம் முன்னரே எடுத்துவிட்டால் அவர்களுக்கு மிஞ்சுவது நாற்றம் மட்டும்தான். சைக்கிளில் கூவி வரும் பழைய இரும்புக்காரருக்கும் அப்படியே. ஆகவே அவர்களையும் திட்டத்தில் சேருங்கள். நாங்கள் இரும்பையும் அலுமினியத்தையும் அந்த இரும்புக்காரருக்கே விட்டோம். தொழிலாளர்களுக்குக் கண்ணாடிப் போத்தல். சாக்குகளைத் தூக்கி ஏற்றித் தருபவர்கள் அவர்கள்தான். ஒருவருடைய சோற்றில் கைவைத்துத் தொடங்கும் துப்புரவு வேலை எனக்குச் சரியாகப் படவில்லை.

நாளைக் குறியுங்கள், குறித்தால் தவறாதீர்கள்

வெள்ளிக்கிழமை நம் வீடுகளில் கூட்டிக் கழுவும் நாள். குசினியும் அன்றுதான் ஒழுங்காகும். ஆகவே சனி காலை ஏழு மணிக்கு எடுப்பதென்று வைத்தோம், மாதத்தில் இரண்டு சனி. படலையில் சாக்கைக் கட்டிவிட்டால் போதும், யாரும் வாசலில் காத்திருக்கத் தேவையில்லை. இப்படி ஏற்கனவே ஓடும் பழக்கத்தின் வாலில் புதிய பழக்கத்தைக் கட்டுவது எந்தப் பரிசையும்விட வலுவானது.

ஒரு சனி நீங்கள் போகாவிட்டால் அடுத்த சனி பாதிச் சாக்குதான் இருக்கும். இரண்டு சனி போகாவிட்டால் பின்வளவில் புகை வரும். செத்த வீடோ கலியாண வீடோ வந்தால் யார் போவது என்று முன்னரே பேசிவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காட்போட் நனைந்தால் வியாபாரி எடுக்க மாட்டார். அந்த இரண்டு மாதமும் கடதாசியை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதே மழைக்காலத்தில் டெங்கும் வரும். நீர் தேங்கும் கோப்பையும் போத்தலும் வளவில் கிடக்காமல் போனதே அந்தக் காலத்தில் வீட்டாருக்கு நல்ல ஊக்குவிப்பு. அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பரிசு: எதற்கு, எவ்வளவு, எப்போது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நிறைக்குக் காசு கொடுக்காதீர்கள். அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல்களில் ஒரு கிலோ சேர ஐம்பதிலிருந்து எண்பது போத்தல் வேண்டும். ஒரு சாதாரண வீட்டில் அது மாதக்கணக்கில் சேரும். கிடைக்கும் காசோ மாமி திருப்பித் தந்த காசுதான். அது மட்டுமல்ல, நிறைக்குப் பரிசு என்றால் சிலர் கடையிலிருந்து காட்போட் அள்ளிக்கொண்டு வருவார்கள், சிலர் தண்ணீர் தெளிப்பார்கள். எங்களுக்கு ஒருமுறை சாக்கின் நடுவில் செங்கல் பாதி கிடைத்தது. போத்தல் தண்ணீரைக் குறைத்து வாங்கும் வீடு தண்டனை பெறும், நிறைய வாங்கும் வீடு பரிசு பெறும். நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு.

நாங்கள் மாற்றிய விதம் இது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அட்டை. சாக்கு படலையில் இருந்து, உள்ளே இருப்பது கழுவியும் பிரித்தும் இருந்தால், அளவு எவ்வளவாக இருந்தாலும் ஒரு முத்திரை. மூன்று போத்தல் மட்டும் இருந்தாலும் முத்திரை உண்டு. முத்திரையை அந்த இடத்திலேயே குத்த வேண்டும். மாத முடிவில் கணக்குப் பார்த்துத் தருகிறோம் என்றால் அதன் சுவை போய்விடும். நான்கு முத்திரை சேர்ந்தால் சங்கக்கடையில் ஒரு சவர்க்காரமோ நெருப்புப் பெட்டிக் கட்டோ. கடைப் பொறுப்பாளருடன் பேசி ஒரு கொப்பியில் எழுதிக்கொள்கிறோம், மாத முடிவில் நாங்கள் காசு கட்டுகிறோம்.

அதே சிறிய தொகைதான். ஆனால் இருபது ரூபாயை உறையில் வைத்துக் கொடுத்தால் அது கூலி. கூலி என்றால் குறைவு. சவர்க்காரமாகக் கொடுத்தால் அது மரியாதை. பிரேசிலின் குரிட்டிபா நகரம் 1991 முதல் நான்கு கிலோ மீள்சுழற்சிப் பொருளுக்கு ஒரு கிலோ பழமும் மரக்கறியும் கொடுத்துவந்தது. வண்டி நுழைய முடியாத ஒடுக்கமான பாதைகளில் இருந்த ஏழைக் குடியிருப்புகளிலிருந்து சனங்கள் தாங்களே குப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். உழவு இயந்திரம் திரும்ப முடியாத நம் ஒழுங்கைகளை நினைத்துப் பாருங்கள். அங்கேயும் காசு கொடுத்திருக்கலாம். சமையலுக்கு உதவும் பொருளைக் கொடுத்ததால் அது சமைக்கிறவர் கைக்கே நேரே போனது.

விற்று வரும் பணத்தைப் பிரிக்காதீர்கள். ஒரு வீட்டுக்குப் பிரித்தால் ஒன்றுமில்லாதது, இருபத்தைந்து வீட்டுக்கும் சேர்த்து வைத்தால் ஒரு தொகை. இந்தோனேசியாவில் பந்துல் என்ற இடத்தில் 2008இல் தொடங்கிய ‘குப்பை வங்கி’யில் ஒவ்வொரு வீட்டுக்கும் வங்கிப் புத்தகம் போல ஒன்று கொடுத்து, கொண்டுவந்ததை வரவு வைத்தார்கள். நமக்குச் சீட்டு இருக்கிறது. சீட்டுக் கட்டத் தெரியாத யாழ்ப்பாணத்துப் பெண் உண்டா? மாதம் ஒரு குலுக்கல் வைத்தோம். அந்த மாதம் இரண்டு முத்திரையும் பெற்ற எல்லா வீட்டின் பெயரும் ஒரு பேணிக்குள். வெல்கிறவருக்குச் சேர்ந்த தொகையில் பாதிக்கு ஒரு சமையல் பாத்திரம். மீதி சனசமூக நிலையக் கணக்கில். ஒருமுறை வென்றவர் எல்லாரும் வென்று முடியும்வரை மறுபடி குலுக்கலில் இல்லை, சீட்டு முறைப்படியே. அதனால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. குலுக்கலைச் சின்னப் பிள்ளை ஒன்றைக் கொண்டு எடுப்பியுங்கள், பெரியவர்கள் எடுத்தால் கதை வரும்.

அப்புறம், தராதவரைக் குறித்து ஒன்று. தண்டம், பெயர்ப் பலகையில் சிவப்புப் புள்ளி போன்றவை நம் ஊரில் வேலைசெய்யாது. சின்ன ஒழுங்கை, எல்லாரும் ஏதோ ஒருவகையில் சொந்தம், ஒரு சொல் பத்து வருடப் பகையாகும். ஆனால் நல்ல செய்தியைப் பகிரலாம். கலிபோர்னியாவின் லா வேர்ன் நகரில் நடந்த ஓர் ஆய்வில், அயலில் எத்தனை பேர் பிரித்து வைக்கிறார்கள், எவ்வளவு சேர்ந்தது என்று கதவில் சீட்டுத் தொங்கவிட்டபோதே பங்கெடுப்புக் கூடியது, பரிசு எதுவும் இல்லாமல். நாங்கள் நிலையத்துப் பலகையில் “இந்தச் சனி இத்தனை வீட்டுப் படலையில் சாக்கு” என்று ஓர் எண் மட்டும் எழுதுகிறோம். பத்திரிகை வாசிக்க வருபவர்கள் போகிற போக்கில் பார்ப்பார்கள். எண் கூடினால் வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

இன்னொன்று சொப்பிங் பை. 2025 நவம்பர் 1 முதல் கைப்பிடியுள்ள பொலித்தீன் பையைக் கடைகள் இலவசமாகத் தரக் கூடாது. சில ரூபாய்தான், ஆனாலும் பை கொண்டுபோகிறவர்களை இப்போது அதிகம் காண்கிறேன். அமெரிக்காவில் மேரிலன்ட் மாநிலத்தின் மொன்ட்கோமரி மாவட்டத்தில் பை வாங்கினால் ஐந்து சதம் கட்டணம் என்றபோது சனங்கள் வெகுவாக மாறினார்கள். சொந்தப் பை கொண்டுவந்தால் ஐந்து சதம் கழிவு என்று கடைகள் சொன்னபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதே ஐந்து சதம்தான். கையில் இருப்பது போவது வேறு, இல்லாதது வருவது வேறு. இதை உங்கள் திட்டத்திலும் பயன்படுத்தலாம். மாத ஆரம்பத்திலேயே குலுக்கல் துண்டில் பெயரை எழுதி அட்டையோடு கொடுத்துவிடுங்கள். இரண்டு சனியும் சாக்கு வைத்தால் துண்டு செல்லும், தவறினால் செல்லாது. தன் பெயர் எழுதிய துண்டை வீணாக்க யாருக்கும் மனம் வராது.

திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள் பிணைக்காசு முறையைப் பரிசோதிக்கலாம். சோடாப் போத்தலைத் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்கியது நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஜேர்மனியில் 2003 முதல் பிளாஸ்டிக் போத்தலுக்கும் ரின்னுக்கும் அப்படித்தான், இருபத்தைந்து யூரோ சதம். தமிழ்நாட்டின் நீலகிரியில் 2022 முதல் மதுப் போத்தலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, வெற்றுப் போத்தலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். காட்டில் உடைந்த கண்ணாடி யானையின் காலைக் குத்தாமல் இருக்க. ஒரு ஒழுங்கையால் இதைச் செய்ய முடியாது. ஆனால் கோயில் வீதியில் ஐஸ்கிறீம், சர்பத் விற்கும் கடையொன்றோடு பேசி, திரும்பக் கழுவும் குவளைக்கு முயன்று பார்க்கலாம்.

செலவுக்குப் பணம்

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளிடம் கேட்டால் தருவார்கள். தராசு, கூரை போட்ட ஒரு கொட்டில், அட்டைகள், கையுறை போன்ற ஒருமுறைச் செலவுக்கு அதை வாங்குங்கள். மாதாந்தப் பரிசுக்கு மட்டும் வாங்காதீர்கள். கனடாவில் ஒருவருக்கு வேலை போனால் நம் ஒழுங்கையில் சவர்க்காரம் நிற்கும், சவர்க்காரம் நின்றால் சாக்கும் நிற்கும். விற்பனைப் பணத்துக்குள் அடங்கும் பரிசே நீடிக்கும். அதனால்தான் அதைச் சிறிதாக வைக்கச் சொல்கிறேன்.

வரவு செலவை மாதம் ஒருமுறை நிலையத்தில் ஒட்டுங்கள், பத்து ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் அதையும் எழுதி.

வேலைசெய்கிறதா என்று எப்படி அறிவது

கிலோக் கணக்கு மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். திருவிழா மாதத்தில் அது தானாகக் கூடும். மூன்று விடயங்களைக் கொப்பியில் எழுதுங்கள். எத்தனை படலையில் சாக்கு இருந்தது. எத்தனை சாக்கை வியாபாரி மறுக்காமல் எடுத்தார். மூன்றாவது, மாலை ஆறு மணிக்கு ஒழுங்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்துபோய் எத்தனை வளவிலிருந்து புகை வருகிறதென்று எண்ணுங்கள். வாரத்தில் ஒரு நாள் போதும். தொடங்குவதற்கு முன்னரும் இரண்டு வாரம் எண்ணி வைத்திருங்கள், இல்லாவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

முடக்கு வீட்டு மாமி குலுக்கலில் வென்றது ஆறாம் மாதம், ஓர் இட்லிச் சட்டி. பால்மாப் பக்கற்றுக்கு இன்னும் வழி காணவில்லை. அவர் அதைக் கழுவிக் காயவைத்துத் தனியாகச் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறார், “ஒரு நாளைக்கு எடுப்பினம்” என்று. தையல் தெரிந்த ஒரு பெண் அவற்றை அடுக்கித் தைத்துச் சந்தைப் பை செய்து பார்க்கிறார். உங்கள் ஊரிலும் தையல் மெசின் வைத்திருப்பவர் ஒருவரைத் தேடி வையுங்கள்.

கடைசியில் சேராமலே இருக்கும் வீடு இரண்டு மூன்று இருக்கும். அவர்களோடு வாதாட வேண்டாம். ஒவ்வொரு மாதமும் முதல் சனி, வெறுஞ்சாக்கு ஒன்றை மடித்து அவர்கள் மதிலில் வைத்துவிட்டு, பெயரெழுதிய குலுக்கல் துண்டையும் மற்ற வீடுகளுக்குப் போல அதன் மேல் வைத்து, அடுத்த படலைக்குப் போங்கள்.